மெரூன் தொப்பிக்கு முன்னால் இருக்கும் 90 நாள்

2019 ஜூன் 5 அன்று சவுத்தாம்ப்டனில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தில் மகேந்திர சிங் தோனி அணிந்திருந்த கையுறையில் ஒரு சின்னம் தெரிந்தது: கீழ்நோக்கிய கத்தியும் அதன் இருபுறமும் விரிந்த சிறகுகளும். அதை அகற்றும்படி ஐ.சி.சி. கேட்டுக்கொண்டதும், அதைப் பற்றி நாடே பேசியதும் பலருக்கு நினைவிருக்கும். எங்கள் ஊர் ஏரிக்கரைக்கு விடியற்காலையில் ஓட வரும் பையன்களின் பனியன்களில் அந்தச் சின்னம் அச்சேறியது அந்த மாதத்தில்தான். அன்றிலிருந்து இன்றுவரை மாதத்துக்கு ஒருவனாவது என்னிடம் வந்து, "சார், அந்த பேட்ஜ் வாங்க என்ன பண்ணணும்?" என்று கேட்கிறான்.

நான் 19 ஆண்டுகள் காலாட்படையில் இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டுக்கு வீடு ஒரு ராணுவ வீரரை அனுப்பியதால் மிலிட்டரிபேட்டை என்று பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை எங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. ராணுவத்தில் சேர விரும்பும் பையன்களைக் காலை ஐந்து மணிக்கு ஏரிக்கரையில் ஓட வைப்பதுதான் இப்போது என் வேலை. இதற்காக யாரிடமும் நான் பணம் வாங்குவதில்லை. சிறப்புப் படையில் நான் பணியாற்றியதில்லை. ஆனால் அந்தப் படையினருக்குப் பக்கத்து முகாமில் இருந்திருக்கிறேன். அங்கு முயன்று திரும்பிய ஒருவனை என் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துப் பேசியிருக்கிறேன். அந்த அளவில் எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சின்னத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் 'பலிதான்'. உயிர்த் தியாகம் என்று பொருள். இந்தியத் தரைப்படையின் பாராசூட் ரெஜிமென்ட்டில் இரண்டு வகைப் பட்டாலியன்கள் உள்ளன. ஒன்று வான்வழி இறங்கிப் போரிடும் பாராசூட் பட்டாலியன்கள்; மற்றொன்று பாரா எஸ்.எஃப். எனப்படும் சிறப்புப் படைப் பட்டாலியன்கள். மெரூன் நிறத் தொப்பியை இரு வகையினரும் அணிவார்கள். பலிதான் சின்னமோ சிறப்புப் படையினருக்கே உரியது. பிராந்திய ராணுவத்தில் 2011-ஆம் ஆண்டு கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி பெற்ற தோனி, 2015 ஆகஸ்ட்டில் ஆக்ராவில் பயிற்சி பெற்று, விமானத்திலிருந்து ஐந்து முறை குதித்துப் பாராசூட் சிறகுச் சின்னத்தை முறைப்படி பெற்றார். உலகப் புகழ் பெற்ற ஒருவர் அந்த ஐந்து குதிப்பையும் குறையில்லாமல் முடித்தார் என்பதில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் பையன்கள் கேட்கும் கேள்விக்கான விடை ஆக்ராவில் இல்லை; அதற்கு முன்னால் வரும் 90 நாள் தேர்வுக் காலத்தில் இருக்கிறது.

அந்த 90 நாளுக்கு நேரடியாகப் போகும் வாசல் எதுவும் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பக்கத்து நகரத்தில் இயங்கும் ஒரு பயிற்சி நிலையம், கமாண்டோவாக நேரடியாகச் சேர்த்துவிடுவதாகச் சொல்லி, நெசவுத் தொழிலாளி ஒருவரிடம் கணிசமான தொகையை வாங்கிவிட்டது. அவர் தம் மகனை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தபோது, கையில் ஒரு ரசீதும் முத்திரை குத்திய ஓர் அடையாள அட்டையும் இருந்தன. அந்தப் பையன் இரண்டு ஆண்டுகளை அங்கே வீணாக்கியிருந்தான். அதிகாரியாகப் போகாதவன் முதலில் சாதாரணச் சிப்பாயாகச் சேர வேண்டும். வேறு வழி கிடையாது. 2022 முதல் அது அக்னிவீர் முறையில் நடக்கிறது: நான்கு ஆண்டுப் பணி, அதன் முடிவில் அதிகபட்சம் 25 விழுக்காட்டினருக்கு மட்டுமே நிரந்தர வாய்ப்பு. உடற்தகுதித் தேர்வில் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடி முடித்தால் முழு மதிப்பெண்ணான 60. பத்து பீம் (கம்பியில் தொங்கி உடம்பை மேலே தூக்குவது) எடுத்தால் 40. எங்கள் பையன்கள் இரவில்கூடக் கனவில் முணுமுணுக்கும் கணக்கு இது.

சேர்ந்த பிறகு, பாராசூட் ரெஜிமென்ட்டுக்கு ஒதுக்கப்பட்டவர்கள் பெங்களூருவில் உள்ள அதன் பயிற்சி மையத்துக்குப் போவார்கள். மற்ற ரெஜிமென்ட்களிலும் சிக்னல்ஸ், இன்ஜினியர்ஸ் போன்ற பிரிவுகளிலும் இருப்பவர்கள், தாமாக முன்வந்து எழுதிக்கொடுத்து வரலாம். அதிகாரியாக விரும்புபவன் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. தேர்வைத் தாண்டி, டேராடூனிலோ நம் பரங்கிமலையிலோ பயிற்சி முடித்துப் பதவி பெற்று, அதன் பிறகு அதே வரிசையில் வந்து நிற்க வேண்டும். யாராக இருந்தாலும் தன் விருப்பத்தின் பேரில்தான் வர வேண்டும், எந்த நாளும் தன் விருப்பத்தின் பேரில் திரும்பிப் போகலாம். இந்த விதியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். அந்தத் தேர்வின் உயிர் இதில்தான் இருக்கிறது.

இப்படியொரு படை எதற்காகத் தேவைப்பட்டது என்பது தெரிந்தால், தேர்வு ஏன் அவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதும் விளங்கும். 1965 போரின்போது மேஜர் மேக் சிங் என்ற அதிகாரி, பல பிரிவுகளிலிருந்து முன்வந்தவர்களை மட்டும் திரட்டி ஒரு சிறிய அணியை அமைத்து, எதிரியின் எல்லைக்குள் போய்த் தாக்கிவிட்டுத் திரும்பினார். மேக்தூத் படை என்று அதற்குப் பெயர். அந்த அணியின் வெற்றியைப் பார்த்துத்தான் 1966 ஜூலை 1 அன்று 9-ஆவது பாரா கமாண்டோ பட்டாலியன் உருவானது. ஐந்தாண்டுகள் கழித்து, 1971 டிசம்பர் 13 இரவில், அந்தப் பட்டாலியனைச் சேர்ந்த ஏறத்தாழ 120 பேர் பூஞ்ச் ஆற்றின் உறைகுளிர் நீரில் இறங்கிக் கடந்து, எதிரியின் காவல் நிலைகளுக்கு இடையே இருட்டில் நடந்துபோய், மண்டோல் என்ற ஊரில் இருந்த ஆறு பீரங்கிகளைத் தகர்த்துவிட்டு வந்தார்கள். அன்று அவர்களுக்கு உதவியாக ஒரு டாங்கியோ விமானமோ பக்கத்தில் இல்லை. தேவையான வெடிமருந்தும் குண்டும் அவர்கள் முதுகிலேயே இருந்தன. வழி தவறினால் திருத்திச் சொல்ல ஆள் இல்லை. காயம்பட்டவனையும் தோளில்தான் சுமந்து வர வேண்டும். இப்படிப்பட்ட ஓர் இரவுக்கு யாரை நம்பி அனுப்பலாம் என்பதே தேர்வு நடத்துபவர்களின் கேள்வி. ஓட்டம், சுமை, பசி, தூக்கமின்மை எல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்கும் வழிகள்.

காஷ்மீரின் குப்வாரா பகுதியில் எங்கள் போஸ்டுக்கு ஒரு நாள் விடியற்காலையில் அவர்களில் ஓர் அணி வந்து சேர்ந்தது. எத்தனை இரவுகள் காட்டில் இருந்தார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை, கேட்பதும் முறையில்லை. தாடியெல்லாம் மண். எங்கள் லங்கர்காரர் (சமையல்காரர்) ஒரு பெரிய கெட்டிலில் தேநீர் கொண்டுபோய் வைத்தார். அவர்கள் அதைத் தொடவில்லை. முதலில் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து, துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்து, எண்ணெய் தடவி மாட்டி, குண்டுகளை எண்ணி, ஒருவர் மற்றவரின் பிட்டுவைச் சரிபார்த்து முடித்தார்கள். (முதுகில் சுமக்கும் பெரிய பையைப் படையில் பிட்டு என்போம்.) அதற்குள் தேநீரில் ஆடை படிந்திருந்தது. கத்தலோ அதட்டலோ அந்த முற்றத்தில் கேட்கவில்லை. யார் அதிகாரி, யார் சிப்பாய் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு வெகுநேரம் ஆனது. சினிமாவில் பார்க்கும் புஜபல நாயகர்கள் யாரும் அங்கே இல்லை. பெரும்பாலோர் நடுத்தர உயரம், ஒல்லியான உடம்பு. அவர்களில் ஒருவர் நம் தென்காசிப் பக்கத்துக்காரர். என் பெயர்ப் பட்டையைப் பார்த்துவிட்டு "அண்ணே, ஊர்ல மழையா?" என்று மட்டும் கேட்டார்.

உடம்பைப் பற்றிப் பையன்கள் வைத்திருக்கும் கணக்கு தவறு என்பதை அன்றே உணர்ந்தேன். புரோபேஷன் எனப்படும் அந்த 90 நாளில் தோற்பவர்கள் பெரும்பாலும் கையில் பலம் இல்லாமல் தோற்பதில்லை. காலில் தோற்கிறார்கள். சுமையோடு வேகமாக நடக்கும் நடை நாள்தோறும் நீண்டுகொண்டே போகும். அதற்கு இடையில் தூக்கம் குறைந்துகொண்டே வரும். ஷூவுக்குள் ஈரம் தங்கினால் இரண்டாம் நாளே கொப்புளம் வரும். நான்காம் நாள் அது உடைந்து சதை தெரியும். அதனால் நடை மாறும். நடை மாறினால் முழங்காலும் இடுப்பும் போகும். ஆகவே என்னிடம் வருபவர்களுக்கு ஓட்டத்தைவிடக் கால் பராமரிப்பைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன். நகத்தை நேராக வெட்ட வேண்டும். புது ஷூவோடு நீண்ட நடைக்குப் போகக் கூடாது. நிற்கும் இடத்திலெல்லாம் காலுறையைக் கழற்றிக் காலைக் காய வைக்க வேண்டும். பிட்டுவில் கனமான பொருள் மேல்பகுதியில், முதுகெலும்பை ஒட்டி இருக்க வேண்டும். அடியில் போனால் ஒவ்வோர் அடிக்கும் பின்னால் இழுக்கும். முதல் மாதம் எட்டு கிலோவுக்கு மேல் மணல் ஏற்ற யாரையும் நான் விடுவதில்லை. எலும்பு தசையைவிட மெதுவாகத்தான் பழகும். இருபது வயதுக்காரனுக்கு இதைப் புரிய வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும்.

என் அண்ணன் முறை உறவினர் ஒருவரின் மகன் இந்தக் கரையில் ஓடிப் பழகியவன். காலாட்படையில் சேர்ந்து, சில ஆண்டுகள் கழித்து எழுதிக்கொடுத்துப் பாரா எஸ்.எஃப். புரோபேஷனுக்குப் போனான். 41-ஆம் நாள் திரும்பிவிட்டான். விடுமுறையில் வந்தவன் முதல் வாரம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஊரில் எல்லோரும் கேட்டதற்கு, கெண்டைக்காலின் முன்புற எலும்பில் மயிரிழை விரிசல் என்றார் அவன் அப்பா. அது உண்மைதான். திண்ணையில் உட்கார்ந்து அவன் காலைக் காட்டினான். இரண்டு பெருவிரல் நகமும் கறுத்து, ஒன்று பாதி கழன்றிருந்தது. குதிகால் தோல் தடித்து மஞ்சளாக இருந்தது. ஆனால் அந்தக் காலோடு அவன் ஆறு நாள் நடந்திருக்கிறான். வலியால் அவன் திரும்பி வரவில்லை.

நடந்ததை அவனே இரண்டாம் வாரத்தில் சொன்னான். அது இரவு நடை. கையில் வரைபடமும் திசைகாட்டியும்; உடன் ஓர் இணை வீரன், அவன் கார்வால் பையன். தூரத்தை அடி எண்ணித்தான் கணக்கிட வேண்டும். தூக்கம் இல்லாமல் எத்தனையாவது இரவு என்பதே குழம்பியிருந்த நிலையில், நடுவழியில் இவனுக்கு எண்ணிக்கை விட்டுப்போனது. விட்டுப்போனதைச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு எண்ணை ஊகித்துக்கொண்டு மேலே எண்ணினான். ஓடை ஒன்றின் வளைவைத் தாண்டித் தவறான மேட்டில் ஏறி, இருவரும் நான்கு கிலோமீட்டர் கூடுதலாக நடந்தார்கள். வந்து சேர்ந்ததும் உஸ்தாத் (பயிற்சியாளர்) கேட்டார்: "எண்ணினாயா?" "எண்ணினேன் உஸ்தாத்" என்று சொல்லிவிட்டான். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. இணை வீரன் இவன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

"சித்தப்பா, அங்க யாரும் என்னைப் போகச் சொல்லல. ஆனா அவன் பார்த்த பார்வைக்கு அப்புறம் எனக்கு அங்க இருக்க முடியல. மறுநாள் காலையில நானே போய்ச் சொல்லிட்டேன்" என்றான்.

நான் 19 ஆண்டில் பல அதிகாரிகளிடம் கேட்டுப் புரிந்துகொள்ள முயன்ற ஒன்றை இவன் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டதாக எனக்குப் பட்டது. உடம்பு ஓய்ந்த இடத்தில்தான் அங்கே தேர்வு தொடங்குகிறது. களைத்துப்போன மனிதன் தன்னையறியாமல் சின்னச் சின்னப் பொய்களைச் சொல்லத் தொடங்குகிறான்: எண்ணினேன் என்கிறான், பார்த்தேன் என்கிறான், கட்டிவிட்டேன் என்கிறான். சமவெளியில் அது சிறு பிழை. எல்லைக்கு அப்பால் ஆறு பேர் இருட்டில் போகும்போது, அந்த ஒரு சொல்லை நம்பி மற்ற ஐந்து பேர் அடியெடுத்து வைக்கிறார்கள். தூக்கத்தையும் உணவையும் பறித்து, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்து அவர்கள் பார்ப்பது, அந்த நிலையிலும் ஒருவன் வாயிலிருந்து உண்மை வருகிறதா என்பதைத்தான். எஸ்.எஸ்.பி. தேர்வில் 60 சூழ்நிலைகளைக் கொடுத்து 30 நிமிடத்தில் பதில் எழுதச் சொல்வதும் இதன் மென்மையான வடிவம் என்று நினைக்கிறேன். யோசித்து நல்லவனாக நடிக்க அங்கே நேரம் கிடைப்பதில்லை.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் பையன்களுக்கு நான் துரோகம் செய்தவன் ஆவேன். நிறுத்தத் தெரியாதவனைத் தேடும் தேர்வு, நிறுத்த வேண்டிய இடத்திலும் நிறுத்தாதவனைக் கொன்றுவிடக்கூடும். 2013 ஜூலை 13 அன்று வேல்ஸ் நாட்டின் பிரெக்கன் பீக்கன்ஸ் மலைகளில், பிரிட்டனின் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ்.-இன் ரிசர்வ் பிரிவுக்கான தேர்வு நடையில், வெயில் தாக்கி இரண்டு பேர் இறந்துபோனார்கள்; மூன்றாமவர் பின்னர் மருத்துவமனையில் இறந்தார். 2022 பிப்ரவரியில் அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படையான சீல் தேர்வில், 'நரக வாரம்' எனப்படும் ஐந்தரை நாளை வெற்றிகரமாக முடித்த ஓர் இளைஞர், முடித்த சில மணி நேரத்தில் நிமோனியாவால் உயிரிழந்தார். அதைத் தொடர்ந்த விசாரணையில் ஊக்கமருந்துப் பிரச்சினையும் வெளிவந்து, மறு ஆண்டே சீல் படையினருக்குத் திடீர்ப் பரிசோதனை கொண்டுவந்தார்கள். அத்தனை மருத்துவ வசதி உள்ள படைகளிலேயே இப்படி என்றால், மருத்துவரே இல்லாத ஏரிக்கரையில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்! ஆள்சேர்ப்பு முகாமுக்கு முந்தைய நாள் ஊசி போட்டுக்கொண்டு ஓடச் சொல்லும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். வியர்வை வர வேண்டும் என்று மே மாத மதியத்தில் மழைக்கோட்டு போட்டு ஓடவிட்ட ஒருவரை நானே நேரில் கண்டித்திருக்கிறேன். ஓடுபவன் பேச்சு குழறினால், வியர்வை நின்று தோல் சுட்டால், அந்த நொடியே நிழலில் படுக்க வைத்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

நம் பையன்கள் தனியாகக் கேட்கும் இன்னொரு கேள்வி மொழியைப் பற்றியது. படையில் பேச்சு மொழி இந்திதான். தெரியாமல் போனால் முதல் மூன்று மாதம் கஷ்டம். ஆறாவது மாதம் எல்லோரும் பேசிவிடுகிறோம். நானும் அப்படித்தான் கற்றேன். புரோபேஷனில் உஸ்தாத் ஒருமுறை சொல்வதை மறுமுறை சொல்ல மாட்டார் என்பதால், அதற்குப் போகும் முன்பே காது பழகியிருப்பது நல்லது.

கடலோர ஊர்ப் பிள்ளைகள் கடற்படையின் சிறப்புப் படையான மார்கோஸ் பற்றிக் கேட்கிறார்கள். 1987-இல் தொடங்கப்பட்ட அந்தப் படைக்கும் முதலில் கடற்படை வீரனாக வேண்டும். அலையில் பிறந்து வளர்ந்தவனுக்கு அங்கே ஓர் இயல்பான பலம் உண்டு. 2004-இல் தொடங்கப்பட்ட விமானப்படையின் கருட் படைக்கோ 72 வாரப் பயிற்சி. மானேசரில் உள்ள பயங்கரவாத எதிர்ப்புப் படையான என்.எஸ்.ஜி. தனியாக ஆள் எடுப்பதில்லை; ராணுவத்திலிருந்தும் துணைப் படைகளிலிருந்தும் அயல்பணியில்தான் அங்கே வருகிறார்கள். மும்பைத் தாக்குதலில் உயிர்நீத்த மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணன் பிகார் ரெஜிமென்ட்டிலிருந்து என்.எஸ்.ஜி.க்குப் போனவர். எந்த வாசலானாலும், முன்னால் ஒரு சாதாரண வீரனின் வாசல் இருக்கிறது.

திரும்பி வந்த அந்தப் பையனைப் பற்றி ஊரில் சிலர் குறைவாகப் பேசினார்கள். எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது. புரோபேஷனுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் திரும்பித்தான் வருகிறார்கள். வந்து, தங்கள் பட்டாலியனிலேயே மிகச் சிறந்த சிப்பாய்களாக இருக்கிறார்கள். இவனும் இப்போது தன் பட்டாலியனில் இருக்கிறான். போவதற்கு முன் விடுமுறையின் கடைசி வாரத்தில், கால் தேறியதும், "பசங்களுக்கு ராத்திரியில ஒண்ணு சொல்லித் தரட்டுமா சித்தப்பா?" என்று கேட்டான்.

வற்றிய ஏரிக்குள் டார்ச் இல்லாமல் பதினோரு பையன்களை இறக்கினான். முதலில் கயிறு பிடித்து 100 மீட்டர் அளந்து, இடது கால் படும்போது மட்டும் எண்ணச் சொன்னான். ஒருவனுக்கு 62 வந்தது, ஒருவனுக்கு 67. பிட்டுவை ஏற்றினால் எல்லோருக்கும் மூன்று நான்கு கூடியது. அவரவர் எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார்கள். பிறகு ஆளுக்கொரு சணல் கயிறு கொடுத்து, ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஒரு முடிச்சுப் போட்டபடி மதகு வரை போய்த் திரும்பச் சொன்னான். கருவேல முள்ளுக்கு நடுவே ஒவ்வொருவராக இருட்டில் மறைந்தார்கள். கடைசியாகத் திரும்பியவன் பன்னிரண்டாம் வகுப்புப் பையன். கயிற்றில் ஐந்து முடிச்சுதான் இருந்தது.

"எண்ணினியா?" என்று இவன் கேட்டான்.

பையன் கொஞ்ச நேரம் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். "இல்லண்ணா. அஞ்சுக்கு அப்புறம் விட்டுட்டேன்."

இவன் அவன் தோளில் கை வைத்து, கயிற்றை வாங்கி ஐந்து முடிச்சையும் அவிழ்த்து, திரும்ப அவன் கையிலேயே கொடுத்தான். பையன் மறுபடி மதகை நோக்கி நடந்தான். இருவரும் கரையில் உட்கார்ந்து, அவன் எண்ணும் சத்தம் தேய்ந்து போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.